கொழுந்துக் கணக்கை வைத்து ஜேடெவலப்பர் பிஸ்னஸ் கொம்பொனென்ட் படிப்போம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்தில் ஐசிடி படித்துவிட்டு மென்பொருள் துறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு உலாவுகிறது. "ஜேடெவலப்பர்ல டேபிளைக் காட்டினாப் போதும் சேர், மிச்சத்த அதுவே செஞ்சிடும்." இன்னொரு கூட்டம் இதற்கு நேரெதிர்: "பிஸ்னஸ் கொம்பொனென்ட்னு சொல்றது அதே டேபிள்தான், சும்மா பேர மட்டும் மாத்தி வச்சிருக்காங்க." இரண்டு பேச்சும் பிழை. இரண்டையும் நம்பி வேலை தொடங்குகிறவர்கள் ஒரே இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். திரை அழகாக இருக்கும், தரவு உள்ளே போகும், ஆனால் போகக்கூடாத தரவும் சேர்ந்தே போகும்.

ஜேடெவலப்பர் என்பது ஜாவா மென்பொருள் எழுதுவதற்காக ஒரக்கிள் நிறுவனம் தரும் கருவி. 2005ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குள் ஏடிஎஃப் (அப்ளிகேஷன் டெவலப்மென்ட் ஃப்ரேம்வர்க்) என்று ஒரு சட்டகம், அதாவது மென்பொருளைக் கட்டியெழுப்ப உதவும் ஆயத்த அமைப்பு உண்டு. அந்தச் சட்டகத்தின் அடித்தளம்தான் பிஸ்னஸ் கொம்பொனென்ட்கள். 1999ஆம் ஆண்டளவில் பிசிஃபோர்ஜே (பிஸ்னஸ் கொம்பொனென்ட்ஸ் ஃபோர் ஜாவா) என்ற பெயரில் வந்த எண்ணம் இது. பெயர் பிறகு மாறியது, அடிப்படை மாறவில்லை.

தரவுத்தளம், அட்டவணை, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி ஆகியவை பாடசாலையிலேயே படித்தவை என்பதால் அவற்றை மறுபடி விளக்கவில்லை.

நிறுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது

மலையில் எடுத்த தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு வருகிறது. தராசு ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் அப்படியே செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் ஏறுவதில்லை. நடுவில் கணக்கப்பிள்ளை நிற்கிறார். இது யாருடைய கொழுந்து, அவருக்கு இன்றைக்குப் பேர் (நாள் வரவு) விழுந்திருக்கிறதா, எத்தனையாம் நம்பர் மலை (தேயிலைப் பரப்பு), இது காலை நிறுவையா பின்னேர நிறுவையா, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்று பார்த்துவிட்டுத்தான் கைப்புத்தகத்தில் எழுதுகிறார். பிறகுதான் அது ஒப்பீசுக்குப் போய்ச் செக்ரோலில் ஏறுகிறது.

செக்ரோல் கேள்வி கேட்காது. என்ன எழுதினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். கேள்வி கேட்பது அதற்கு முன்னால் நிற்கும் ஆள். அந்த ஆள் சரியாக இருந்தால் கணக்குச் சரி, அவர் பிழை விட்டால் ஒரு தாயின் நாட்கூலியில் கைவைத்ததாகும். பிஸ்னஸ் கொம்பொனென்ட் செய்யும் வேலை அந்த நடு ஆளின் வேலை. தரவுத்தளம் செக்ரோல். நாம் தட்டெழுதும் திரை வெறும் தராசு முகம்.

இதுவரை சொன்னதன் சாரம்: தரவுத்தளம் வைத்திருக்கும், திரை காட்டும், இரண்டுக்கும் இடையில் நின்று சரிபிழை பார்ப்பது பிஸ்னஸ் கொம்பொனென்ட். இனி ஒரு சிறு தோட்டக் கணக்கை உதாரணமாக வைத்து உள்ளே போவோம். அதில் மூன்று அட்டவணைகள்: தொழிலாளி, மலை, நிறுவை.

என்டிட்டி ஒப்ஜெக்ட்: விதியின் வீடு

ஓர் அட்டவணைக்குரிய வரிகளை ஜாவா பக்கத்தில் பிரதிநிதிப்படுத்தும் கொம்பொனென்டுக்கு என்டிட்டி ஒப்ஜெக்ட் என்று பெயர். நிறுவை அட்டவணைக்கு ஒரு நிறுவை என்டிட்டி. நிரல் ஓடும்போது, கையாளப்படும் ஒவ்வொரு வரியும் அந்த என்டிட்டியின் ஒரு பிரதியாக நினைவகத்தில் இருக்கும். புதிய வரியைச் சேர்ப்பது, மாற்றுவது, அழிப்பது, அதற்கான எஸ்கியூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) கட்டளையைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது எல்லாம் இதன் பொறுப்பு.

ஜேடெவலப்பரில் "பிஸ்னஸ் கொம்பொனென்ட்ஸ் ஃப்ரம் டேபிள்ஸ்" என்ற வழிகாட்டியை ஓட்டினால் இதை அதுவே உருவாக்கித் தரும். அட்டவணையில் வெறுமையாக விடக்கூடாது என்று குறித்த புலத்தை என்டிட்டியிலும் கட்டாயப் புலமாகப் போடும். அந்நியச் சாவியைப் பார்த்துத் தொழிலாளிக்கும் நிறுவைக்கும் உள்ள தொடர்பையும் எழுதிவிடும். என்டிட்டிகளுக்கு இடையிலான இந்தத் தொடர்புக்கு அசோசியேஷன் என்று பெயர். எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன. தேவைப்பட்டால் மட்டும் ஜாவா வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"அதுவே செஞ்சிடும்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. வழிகாட்டி தருவது ஆளை மட்டும். அவர் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அதனால் ஊகிக்க முடியாது. ஒரு நிறுவையில் ஒருவருக்கு 480 கிலோ வராது என்று அதற்கு எப்படித் தெரியும்? மலையில் வேலை செய்தவருக்கும் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும்தான் தெரியும். அதனால் இந்தக் கட்டத்தில் நம் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொழும்பிலிருந்து வந்து எழுதுகிறவர் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

விதிகளை எழுதுவது

என்டிட்டியைத் திறந்தால் விதிகளுக்கென்று தனிப்பகுதி இருக்கும். அதில் போடும் ஒவ்வொரு விதிக்கும் வலிடேட்டர் என்று பெயர், அதாவது உள்ளே வரும் பெறுமதியைச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும் விதி. பல வகைகள் ஆயத்தமாகவே உள்ளன. ஜாவா ஒரு வரிகூட எழுதாமல் பாதித் தூரம் போகலாம்.

நிறை என்ற புலத்துக்கு வீச்சு வகை போதும்: நாம் தீர்மானிக்கும் கீழெல்லையிலிருந்து (0க்குச் சற்று மேல்) உச்சம் வரை, இரண்டு எல்லைகளும் உட்பட. தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கு ரெகியூலர் எக்ஸ்பிரஷன் வகை, அதாவது எழுத்தும் இலக்கமும் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்று சொல்லும் வகை பொருந்தும். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், 2016இலிருந்து வரும் புதியதில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்கும்படி எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே லயத்தில் அம்மாவிடம் பழைய அட்டையும் மகளிடம் புதிய அட்டையும் இருக்கும். புதிய வகையை மட்டும் எழுதிவிட்டால் வயதானவர்கள் எல்லோரும் கணினிக்கு இல்லாத ஆட்களாகிவிடுவார்கள்.

ஒரே தொழிலாளிக்கு, ஒரே திகதியில், அதே நிறுவை இரண்டு தரம் ஏறக்கூடாது. அதற்குத் தனித்தன்மை வகை. இதற்கு முன் அந்த மூன்று புலங்களையும் சேர்த்து ஒரு மாற்றுச் சாவியாக என்டிட்டியில் அறிவிக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விதி. கழிவு. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பது மலையில் எவ்வளவு கசப்பான விடயம் என்று சொல்லத் தேவையில்லை. நம் அட்டவணையில் கழிவு என்று ஒரு புலமும் கழிவுக் காரணம் என்று ஒரு புலமும் இருக்கின்றன. விதி இது: கழிவு பூச்சியமானால் காரணம் தேவையில்லை, பூச்சியத்துக்கு மேலானால் காரணம் வெறுமையாக இருக்கக் கூடாது. இதில் இரண்டு புலங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் தனிப்புலத்தில் எழுதினால் சரிவராது, முழு வரிக்குமாக எழுத வேண்டும். கிரூவி என்ற சிறு நிரல்மொழியில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்தக் கூற்று உண்மை என்று வந்தால் பதிவு ஏற்கப்படும், பொய் என்று வந்தால் மறுக்கப்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் பதிக்க வேண்டும். தனிப்புல விதி, அந்தப் புலத்தில் பெறுமதி ஏறும்போதே வேலை செய்யும். முழுவரி விதி, அந்த வரியை விட்டு அடுத்த வரிக்கு நகரும்போதோ சேமிக்கும்போதோதான் வேலை செய்யும். "ரூல் போட்டேன், ஒண்டும் நடக்கல்ல" என்று கேட்பவர்களில் பலர், வரியை விட்டு நகராமலே காத்திருந்தவர்கள்.

விதி மீறப்பட்டால் காட்டும் செய்தியையும் நாமே எழுதலாம். இயல்பாக ஆங்கிலத்தில் வருவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். செய்திகள் தனிக்கோப்பில் சேமிக்கப்படுவதால் மொழிக்கொரு கோப்பு வைக்கலாம். "கழிவுக்குக் காரணம் எழுதவும்" என்று தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. ஒப்பீசில் இருப்பவருக்குப் புரியாத எச்சரிக்கையை அவர் வாசிக்க மாட்டார், ஓகே பொத்தானை அழுத்திப் பழகிவிடுவார்.

இன்னொன்று, மாறும் எண்களை விதிக்குள் நேரடியாக எழுத வேண்டாம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், தொழில்தருநரிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரிடம் இன்னும் 3 வீதம் என்பது நெடுநாள் மாறாமல் இருக்கிறது, ஆனாலும் அதுவும் எண்தான். இவற்றை எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்ற புலத்தோடு ஓர் அட்டவணையில் வையுங்கள். விதி அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த விதிகள் காப்பது என்டிட்டி வழியாக வருகிறவர்களை மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. யாராவது எஸ்கியூஎல் கருவியைத் திறந்து நேரே அட்டவணையில் எழுதினால் என்டிட்டிக்குத் தெரியாது. ஆகவே மிக அடிப்படையான கட்டுப்பாடுகளைத் தரவுத்தளத்திலும் போட்டு வைப்பதே பாதுகாப்பு. அங்கே மீறப்பட்டால் ஓஆர்ஏ-02290 மாதிரியான வழு திரும்பி வரும். அது காவலின் கடைசி வரிசை, பயனாளர் அதைக் காணும் நிலை அடிக்கடி வரக்கூடாது.

சுருக்கமாக: என்டிட்டி ஒப்ஜெக்ட் ஓர் அட்டவணைக்குப் பொறுப்பானது. வழிகாட்டி அதன் உடலைத் தரும், விதிகளை நாம்தான் தர வேண்டும். எத்தனை திரை வந்தாலும் விதி ஒரே இடத்தில் இருக்கும்.

வியூ ஒப்ஜெக்ட்: யாருக்கு எதைக் காட்டுவது

துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, மலைவாரியாக மொத்தம் வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு இன்றைய நிறுவை வேண்டும். தொழிலாளிக்கு இந்த மாதம் தன் பெயரில் ஏறியது வேண்டும். மூன்றுமே ஒரே நிறுவை அட்டவணையிலிருந்து வருபவை. ஒரு தேவைக்கு எந்தப் புலங்கள், எந்த வரிகள், எந்த வரிசையில் என்று எஸ்கியூஎல் வினவலாகச் சொல்லும் கொம்பொனென்டுக்கு வியூ ஒப்ஜெக்ட் என்று பெயர்.

என்டிட்டியை அடிப்படையாகக் கொண்ட வியூ ஒப்ஜெக்ட் வழியாகத் தரவை மாற்றலாம், மாற்றும்போது மேலே எழுதிய விதிகள் தாமாக வேலை செய்யும். வெறும் எஸ்கியூஎல்லை மட்டும் கொண்ட வியூ ஒப்ஜெக்டும் உண்டு. அது பார்ப்பதற்கு மட்டும், மொத்தம் சராசரி போன்றவற்றுக்குப் பொருத்தம். திகதியைக் கேட்டு வாங்கி அதற்கேற்ப வடிகட்ட வேண்டுமென்றால் வினவலுக்குள் ஒரு மாறியை வைக்கலாம், பைண்ட் மாறி என்பது அதைத்தான்.

தொழிலாளியைத் தெரிந்தால் கீழே அவருடைய நிறுவைகள் மட்டும் வரவேண்டும் என்றால் இரண்டு வியூ ஒப்ஜெக்ட்களை வியூ லிங்க் என்ற தொடர்பால் இணைக்க வேண்டும். அசோசியேஷனோடு இதைக் குழப்புகிறவர்கள் நிறைய. அசோசியேஷன் என்டிட்டிகளுக்கு இடையில், வியூ லிங்க் வியூக்களுக்கு இடையில். அவ்வளவுதான்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே என்டிட்டியிலிருந்து வரும் இரண்டு வியூக்கள், ஒரே வேலைத்தொடரில், நினைவகத்தில் ஒரே பிரதியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் 14 கிலோவை 16 ஆக மாற்றினால் மற்றதிலும் 16 என்றே தெரியும், இன்னும் சேமிக்காவிட்டாலும்கூட. ஆனால் மலைவாரி மொத்தத்தைக் காட்டும் எஸ்கியூஎல் வியூ தரவுத்தளத்தையே போய்க் கேட்கிறது. அங்கே இன்னும் 14தான். ஆகவே மேலே 16, கீழே மொத்தம் பழையபடி. இது வழு அல்ல. சேமித்துவிட்டு வினவலைத் திரும்ப ஓடவிட்டால் மொத்தம் மாறும். இதைத் தெரியாமல் கணக்குப் பிழை என்று நினைத்து, நல்ல நிரலைப் பிரித்து மேய்ந்து கெடுத்தவர்கள் உண்டு.

அப்ளிகேஷன் மொடியூல்

வியூ ஒப்ஜெக்ட்களை ஒரு வேலைக்காகத் திரட்டி, தரவுத்தள இணைப்பையும் பரிவர்த்தனையையும் நிர்வகிக்கும் கொம்பொனென்டுக்கு அப்ளிகேஷன் மொடியூல் என்று பெயர். பரிவர்த்தனை என்றால் ஒன்றாகச் சேமிக்கப்பட வேண்டிய, அல்லது ஒன்றாகக் கைவிடப்பட வேண்டிய மாற்றங்களின் தொகுதி. நிலையாகச் சேமிப்பதற்குக் கொமிட் என்றும் கைவிடுவதற்கு ரோல்பேக் என்றும் சொல்வார்கள்.

கைப்புத்தகத்தில் இருப்பது செக்ரோலில் ஏறும் கணம் கொமிட். அதுவரை எல்லாம் தற்காலிகம். மழைக்காலத்தில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. இருபது பேரின் நிறுவையைத் தட்டி, கொமிட் அழுத்தாமல் இருக்கும்போது கரண்ட் போனால் இருபதும் போய்விடும். அதனால் எப்போது கொமிட் செய்வது என்பது திரையை வடிவமைக்கிறவர் ஆற அமர யோசிக்க வேண்டிய கேள்வி. ஒரு நிறுவை முடிந்ததும் ஒரு கொமிட் என்பது என் பரிந்துரை.

திரைக்கு முன்பே சோதிப்பது

இணையப் பக்கம் செய்து, சேவையகத்தில் ஏற்றி, உலாவியைத் திறந்து, அதன் பிறகுதான் விதி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். தேவையே இல்லை. ஜேடெவலப்பரில் அப்ளிகேஷன் மொடியூலின் மேல் வலது கிளிக் செய்து ரன் கொடுத்தால் ஒரு தனிச்சாளரம் திறக்கும். பிந்திய பதிப்புகளில் ஏடிஎஃப் மொடல் டெஸ்டர் என்று அதற்குப் பெயர், பழையவற்றில் பிஸ்னஸ் கொம்பொனென்ட் பிரவுசர். சாதாரண ஜாவா நிரலாக உங்கள் கணினியிலேயே ஓடும், சேவையகம் வேண்டாம். ஒரக்கிள் தரவுத்தளத்தின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பையும் அதே மடிக்கணினியில் போட்டுவிட்டால் இணையமும் வேண்டாம். 21சி எக்ஸ்பிரஸ் பதிப்பு 12 கிகாபைட் வரை பயனர் தரவை ஏற்கும், பழகுவதற்கு அது தாராளம். சிக்னல் கிடைக்காத மலையிலும் உட்கார்ந்து செய்யலாம்.

சாளரத்தின் இடப்பக்கம் மொடியூலுக்குள் உள்ள வியூக்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றை இரட்டைக் கிளிக் செய்தால் வலப்பக்கத்தில் அதன் புலங்கள் திறக்கும். மேலே முன்னும் பின்னும் போக அம்புகள், புதிய வரிக்குப் பச்சைக் கூட்டல் குறி, கொமிட், ரோல்பேக். தோற்றம் அழகாக இராது. அழகுக்காக வந்ததல்ல அது.

முதலில் சரியான தரவைப் போட்டுப் பாருங்கள், ஏற வேண்டும். அதோடு நிறுத்துகிறவர்கள் சோதிக்கவில்லை என்றே நான் சொல்வேன். பிழையான தரவைப் போட்டு அது மறுக்கப்படுவதைக் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. நிறையில் 480 தட்டி அடுத்த புலத்துக்குப் போங்கள், செய்தி வர வேண்டும். கழிவில் 2 போட்டு, காரணத்தை வெறுமையாக விட்டு, அம்பை அழுத்தி அடுத்த வரிக்கு நகருங்கள், தமிழில் எழுதிய செய்தி வர வேண்டும். தொழிலாளியையே போடாமல் விட்டால், அந்தப் புலம் கட்டாயமானது என்று ஜேபிஓ-27014 என்ற வழு வரும். எல்லைப் பெறுமதிகளையும் விடாதீர்கள். உச்சம் 60 என்று வைத்திருந்தால் 60ஐப் போடுங்கள், 60.5ஐயும் போடுங்கள். பூச்சியத்தைப் போடுங்கள்.

கொமிட் அழுத்திவிட்டு டெஸ்டரை மூடித் திரும்பத் திறந்து வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். டெஸ்டரில் தட்டியதெல்லாம் தரவுத்தளத்தில் ஏறிவிட்டது என்று நினைப்பது பரவலான பிழை. கொமிட் இல்லாமல் மூடினால் எதுவும் ஏறியிராது. அதேபோல் கொமிட் செய்தால் அது உண்மையான சேமிப்பு, ஒத்திகை அல்ல. எனவே நிஜமான சம்பளத் தரவு உள்ள தரவுத்தளத்தில் டெஸ்டரை ஓட்டவே கூடாது. சோதனைக்கென்று தனிப்பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர், ஒரே வரி

ஒருவர் தனியாக இருந்து சோதிக்கும்போது வெளிவராத ஒரு பிரச்சினை உண்டு. ஒப்பீசில் இரண்டு கணினிகள். இருவரும் ஒரே தொழிலாளியின் ஒரே நிறுவையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் 18 என்று திருத்திச் சேமிக்கிறார். மற்றவர் திரையில் இன்னும் பழைய 15. அவர் 17 என்று மாற்றிச் சேமித்தால் முதலாமவரின் 18 சத்தமில்லாமல் மறைந்துவிடுமா?

டெஸ்டரை இரண்டு தரம் ஓட்டி இதை நீங்களே பார்க்கலாம். இரண்டிலும் அதே வரியைத் திறவுங்கள். முதலாவதில் மாற்றிக் கொமிட் செய்யுங்கள். பிறகு இரண்டாவதில் மாற்றிக் கொமிட் செய்ய முயலுங்கள். ஜேபிஓ-25014 என்ற வழு வரும்: இந்த வரியை வேறொருவர் மாற்றிவிட்டார். என்டிட்டி தான் முதலில் வாசித்த பெறுமதியையும் தரவுத்தளத்தில் இப்போது இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் பிடிபட்டது. இந்த வழுவைக் கண்டு பயந்து அதை அடக்கிவிட வழி தேடுவார்கள். அடக்காதீர்கள். 18ஆ 17ஆ என்று இரண்டு பேரும் எழுந்து போய்ப் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் அது.

திரும்பத் திரும்பச் செய்வதற்கு

விதிகள் பத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கையால் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பது நடக்காது. ஜாவாவில் சோதனைகளை எழுதி ஓட்டுவதற்கு ஜேயூனிட் என்ற இலவச நூலகம் இருக்கிறது. சோதனை நிரல் அப்ளிகேஷன் மொடியூலை நேரே திறந்து, வியூவைக் கண்டுபிடித்து, ஒரு வரியைச் சேர்த்து, பிழையான பெறுமதியைப் போட்டு, மறுப்பு வருகிறதா என்று பார்க்கும். மறுப்பு வந்தால் சோதனை சித்தி. வராமல் 480 கிலோ உள்ளே போய்விட்டால் சோதனை தோல்வி. கடைசியில் ரோல்பேக் செய்து, மொடியூலை விடுவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சோதனையின் எச்சம் அடுத்ததைக் குழப்பும்.

தொடங்குகிறவர்கள் எல்லா விதிக்கும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. கூலியில் கைவைக்கும் விதிகளுக்கு முதலில் எழுதுங்கள்: கழிவுக்குக் காரணம், இரட்டைப் பதிவு, சேமலாப நிதிக் கழிப்பு. மலையின் பெயர் எத்தனை எழுத்து நீளம் என்பதற்கான சோதனை அடுத்த மாதம் வரட்டும்.